அலைனர் போட்டுக்கொண்டு தெளிவாகப் பேச: எந்த எழுத்து சிக்கும், எப்படிச் சரிசெய்வது?

பல் வரிசையைச் சீராக்கப் பற்களின்மேல் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் அலைனர். அதை முதல் தடவை மாட்டியதும் "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். 'க்கு', 'ப்', 'ளை' எல்லாம் எப்போதும்போல வரும். 'நா' லேசாகத் தடிக்கும். 'சு' வந்ததும் காற்று சறுக்கி, ஒலி குழையும். இந்த வித்தியாசத்தைக் காது கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏனென்றால் அலைனர் உங்கள் பேச்சு முழுவதையும் கெடுப்பதில்லை. பல்லைத் தொட்டோ, பல்லின்மேல் காற்றை மோதவிட்டோ பிறக்கிற சில ஒலிகளை மட்டும்தான் தொந்தரவு செய்கிறது. அந்தச் சில ஒலிகளில் மட்டும் வேலை செய்தால் போதும்.

இதற்கான பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கில ஒலிகளை வைத்து எழுதப்பட்டவை. தமிழ் பேசுகிறவர் அவற்றை அப்படியே செய்தால், சிக்காத ஒலிகளில் நேரம் போய், தமிழில் நிமிடத்துக்குப் பல தடவை வருகிற 'த', 'ந' கவனிக்கப்படாமல் நின்றுவிடும். அதனால் இங்கே எல்லாம் தமிழ் ஒலிகளை வைத்தே.

வாய்க்குள் என்ன மாறுகிறது

அலைனர் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் தகடு ஏறத்தாழ 0.75 மில்லிமீட்டர் தடிமன். வார்த்தெடுக்கும்போது அது இன்னும் கொஞ்சம் மெலியும். சின்ன அளவுதான். ஆனால் நாக்கு ஒரு முடி அகப்பட்டாலே உணர்கிற உறுப்பு.

'ஸ்' என்ற ஒலி பிறக்க, நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அடைத்துக்கொள்ள வேண்டும். நாக்கின் நடுவில் ஒரு மெல்லிய வாய்க்கால் உருவாகும். அதன் வழியாக வரும் காற்று முன்பற்களின் விளிம்பில் மோதிச் சீறும். அலைனர் இந்த மூன்றையுமே மாற்றுகிறது: ஓரங்கள் ஒட்டும் இடத்தில் வழுக்கும் பிளாஸ்டிக், முன்பல்லின் பின்பக்கம் இன்னொரு தடிமன், காற்று மோதும் விளிம்பு கூர்மை இழந்து மழுங்கல். மேலே ஒன்றும் கீழே ஒன்றும் மாட்டியிருப்பதால் இரண்டு வரிசைப் பற்களும் முழுதாகச் சேர முடியாமல் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை விலகியும் நிற்கும்.

இதோடு எச்சிலும் சேரும். வாய்க்குள் புதிதாக எது வந்தாலும் சுரப்பிகள் அதைச் சாப்பிடும் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் 2, 3 நாட்கள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அலைனருக்கும் பல்லுக்கும் நடுவே அது தேங்கும்போதுதான் அந்த 'சளசள' ஒலி வருகிறது. பலர் இதைத் தங்கள் நாக்கின் குற்றம் என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். விழுங்கிவிட்டுப் பேசினாலே இதில் பெரும்பகுதி போய்விடும்.

சிக்கும் எழுத்து, தப்பிக்கும் எழுத்து

க, ங இரண்டும் தொண்டைப் பக்கம் பிறப்பவை, அலைனருக்கு எட்டாது. ப, ம உதட்டில் பிறப்பவை. பல்லின் வெளிப்பக்கம் அட்டாச்மென்ட் என்னும், பல் நிறப் பொருளாலான சிறு மேடுகளை ஒட்டியிருந்தால் உதடு அவற்றில் கொஞ்சம் மாட்டும், அவ்வளவுதான். ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்துக்குப் போகிறது. அலைனர் மேலண்ணத்தை மூடுவதில்லை. ஆகவே 'ழ' போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. அலைனர் போட்டபின் 'ழ' மங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தாடையை இறுக்கி, வாயைச் சரியாகத் திறக்காமல் பேசுவதுதான்.

ன, ல, ர, ற நான்கும் பல்லுக்குச் சற்றுப் பின்னே, ஈறு மேட்டில் பிறப்பவை. அலைனரின் விளிம்பு முடிகிற இடமும் அதுதான். நாக்குக்கு உறுத்தலாக இருக்கும், ஆனால் கேட்கிறவருக்கு அதிகம் தெரியாது.

உண்மையாகச் சிக்குபவை இரண்டு கூட்டம். முதலாவது ச, ஸ. ச்ச, ஞ்ச, ஜ, ஷ ஆகியவை இவற்றைவிடப் பின்னால் பிறப்பதால் பாதிப்பு குறைவு. இரண்டாவது த, ந. இவற்றுக்கு நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தையே தொடுகிறது, அதாவது இப்போது பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. 'ஃபோன்', 'ஃபைல்' போன்ற சொற்களில் கீழுதடு மேற்பல் விளிம்பைத் தொடுவதால் முதல் நாள் சற்றுத் தடுமாறும், பிறகு தானே சரியாகிவிடும்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'ச' சொல்லும்போது நாக்கு கொஞ்சம் முன்னே வழுக்கிப் பல்லில் பட்டுவிட்டால், வருகிற ஒலி 'அது', 'கதை' என்பவற்றில் வரும் மெல்லிய 'த'வுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அப்போது 'காசு' என்றது 'காது' என்று கேட்கும், 'இசை' 'இதை' ஆகும். இந்தக் குழப்பத்தையே நல்ல பயிற்சிக் கருவியாக மாற்றிக்கொள்ளலாம். அது கீழே வருகிறது.

மாட்டுவதற்கு முந்தைய நாள்

1. போனில் ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்யுங்கள். அலைனர் இல்லாமல், வழக்கமான வேகத்தில், ஒரு நிமிடம் போதும். பிறகு வரும் எல்லாப் பதிவுகளையும் இதோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள். அலைனருக்கு முன்பே உங்கள் 'ச' கொஞ்சம் குழைவாக இருந்திருக்கலாம். அது தெரியாவிட்டால் இல்லாத ஒன்றைத் தேடி வாரக்கணக்கில் உழைப்பீர்கள்.

2. முதல் அலைனரைப் போடும் நாளை உங்களால் தேர்ந்தெடுக்க முடிந்தால், அடுத்த 3, 4 நாட்களில் முக்கியமான நேர்காணலோ மேடைப் பேச்சோ இல்லாத நாளாகப் பாருங்கள். ஆனால் யாரோடும் பேசத் தேவையில்லாத விடுமுறையாக இருக்கக் கூடாது. பேசாமல் இருந்தால் நாக்கு பழகாது.

3. மாட்டுவதை இரவு பல் துலக்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது அலைனரும் முதல் சில மணி நேரம்தான் மிக இறுக்கமாக இருக்கும். அதைத் தூக்கத்தில் கழித்துவிடலாம். அடுத்தடுத்த அலைனர்களுக்கும் இதே வழக்கம் நல்லது.

முதல் மூன்று நாட்கள்

அலைனர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பேச்சுப் பயிற்சிக்கு முன்பே பாருங்கள். கண்ணாடியில் முன்பல்லின் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெள்ளையாக ஒரு காற்று இடைவெளி தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை. அந்த இடைவெளியில் காற்றும் எச்சிலும் புகுந்து, நீங்கள் எவ்வளவு முயன்றாலும் 'ச' குழையும். மருத்துவர் தரும் மென்மையான சூயீ உருளையைக் கடைவாயில் தொடங்கி முன்பல் வரை ஒவ்வோர் இடமாக வைத்து, 5 நொடி மெதுவாக அழுத்திக் கடியுங்கள். ஒருமுறைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. பேச்சுக்காகச் செய்யும் எல்லா வேலையிலும் மிக விரைவாகப் பலன் தருவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

பிறகு சத்தமாகப் படியுங்கள். 10 நிமிடம், காலை, மதியம், மாலை. மனதுக்குள் படிப்பது கணக்கில் வராது. மூளை நாக்குக்குப் புது அளவு போட்டுக்கொள்வது காதில் விழும் ஒலியையும் நாக்கில் படும் தொடுதலையும் வைத்துத்தான். வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காமல் படியுங்கள். வாயைப் பெரிதாக அசைத்து, மிகையாக உச்சரிக்க வேண்டாம். அது வேறொரு பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் காதுக்கு உங்கள் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்பதைவிட மோசமாகத்தான் கேட்கும். பல்லிலும் எலும்பிலும் ஏறி வரும் ஒலியும் உள்காதுக்குப் போகிறது. வாய்க்குள் அந்நியமான உணர்வும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பயமுறுத்தும். அதனால்தான் பதிவு செய்து கேட்கச் சொல்கிறோம். மூன்றாம் நாள் மாலை அதே பத்தியைப் பதிவு செய்து முதல் பதிவோடு வைத்துக் கேளுங்கள்.

'ச' வரிசை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

முதலில் நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். தமிழிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. "அவன்" என்று சொல்லி, கடைசி 'ன்'னில் அப்படியே நில்லுங்கள். நாக்கு நுனி இப்போது பல்லைத் தொடாமல், அதற்குப் பின்னே ஈறு மேட்டில் இருக்கும். 'ஸ்' பிறக்க வேண்டிய இடமும் அதுதான். 'ன்'னில் நின்றபடியே நுனியை மட்டும் மயிரிழை அளவுக்குக் கீழே விடுங்கள். நாக்கின் ஓரங்கள் கடைவாயை விட்டு நகரக் கூடாது. இப்போது குரல் சேர்க்காமல் காற்றை விடுங்கள். சீறல் ஒலி வரும். ன் – ஸ், ன் – ஸ் என்று 10 தடவை.

எல்லோருக்கும் நுனி மேலே நிற்பதில்லை. சிலர் இயல்பாகவே நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் ஊன்றி, நடு நாக்கை உயர்த்தி 'ஸ்' சொல்வார்கள். இரண்டும் சரிதான். அலைனர் இல்லாதபோது "பஸ்" என்று சொல்லி, உங்களுடையது எது என்று பாருங்கள். கீழே ஊன்றுகிறவர்களுக்குத் தொந்தரவு கீழ் அலைனரில் இருக்கும். அவர்கள் நுனியைக் கொஞ்சம் பின்னிழுத்து, கீழ்ப்பல்லை அழுத்தாமல் லேசாகத் தொடும்படி வைத்தால் போதும்.

அடுத்தது காற்று எங்கே போகிறது என்ற சோதனை. ஒரு உறிஞ்சுகுழலின் முனையை முன்பற்களுக்கு நேர் எதிரே, பல்லைத் தொடாமல் பிடித்துக்கொண்டு நீளமாக 'ஸ்ஸ்ஸ்' சொல்லுங்கள். காற்று நடுவில் வந்தால் குழலுக்குள் சீறல் பெரிதாகக் கேட்கும். கேட்கவில்லை என்றால் குழலை வலது, இடது கோரைப்பல் பக்கம் நகர்த்துங்கள். அங்கே சீறினால், காற்று ஓரத்தில் ஒழுகுகிறது. நாக்கின் ஓரங்கள் கடைவாயை அடைக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு 'ஈ' உதவும். "ஈ" என்று நீட்டும்போது ஓரங்கள் தானாகவே மேல் கடைவாயில் ஒட்டும். "ஈ" சொல்லி அதே நிலையில் "ஈஸ்" என்று முடியுங்கள். "ஆபீஸ்", "போலீஸ்" என்ற சொற்கள் இதற்காகவே அமைந்தவை போல இருக்கின்றன.

தனி ஒலி நன்றாக வந்தபின் சொற்கள், இந்த வரிசையில்:

சொல்லின் இறுதியில்: பஸ், கிளாஸ், அட்ரஸ். இது எளிது, ஏனென்றால் பின்னால் வேறு ஒலி துரத்துவதில்லை.

சொல்லின் முதலில்: சிரி, சீப்பு, செடி, சாவி, சுவர், சோம்பல். இ, ஈ, எ வரும் சொற்கள் முதலில், உ, ஓ வரும் சொற்கள் கடைசியில். உதடு குவியும்போது காற்றின் வழி இன்னொரு முறை மாறுகிறது.

சொல்லின் நடுவில்: ஆசை, வாசல், பசி, தூசி, பேசுவோம்.

கூட்டெழுத்தாக: ஸ்கூல், ஸ்டேஷன், பாஸ்வேர்டு, கஷ்டம். கடைசியாகத்தான் தொட வேண்டும். அவசரப்பட்டு இங்கே தொடங்குகிறவர்கள் மனம் சோர்ந்துவிடுகிறார்கள்.

பிறகு இரட்டைகள்: காசு – காது. இசை – இதை. விசை – விதை. பாசி – பாதி. வாசம் – வாதம். ஒவ்வோர் இரட்டையையும் மாற்றி மாற்றிச் சொல்லி, முடிந்தால் வீட்டில் ஒருவரை முதுகைத் திருப்பி உட்காரவைத்து, எது கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். 10க்கு 9 சரியாக வந்தால் 'ச' திரும்பிவிட்டது.

படிக்கச் சில வாக்கியங்கள்:

"சசி ஐந்து காசை எடுத்துக் காதருகே ஆட்டினாள், ஓசை கேட்டதும் சிரித்தாள்."
"விசையை அழுத்தாதே, விதையை முதலில் ஊன்று."
"சாவியைத் தந்ததும் வாசலைத் திறந்தேன், சைக்கிள் அங்கேதான் சாய்ந்து நின்றது."

'த', 'ந'வுக்கு வேறு வழி

'ச'வில் நாக்கு தொடக் கூடாது. 'த'வில் தொட்டே ஆக வேண்டும். அலைனர் போட்டவர்கள் செய்யும் பொதுவான தவறு, பிளாஸ்டிக் உறுத்துகிறதே என்று நாக்கை அதில் படாமல் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. அப்போது 'தம்பி' மந்தமாகி, வேற்றுமொழிக்காரர் சொல்வதுபோல 'ட'வின் பக்கம் சாயும். அல்லது உறுத்தலைத் தாண்டுவதற்காக நாக்கை அழுத்துவார்கள். அப்போது ஒலி தடித்து, நுனியிலும் புண் வரும்.

நாக்கு நுனியைத் தட்டையாக விரித்து, அலைனரின் பின்புறத்தை இறகு படுவதுபோல் தொட்டு உடனே விடுங்கள். "பத்து, கத்தி, அத்தை" என்று இரட்டிக்கும் சொற்களில் தொடங்குங்கள். அங்கே நாக்கு சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதால் இடம் பழகும். அடுத்து "இந்த, பந்து, வந்தான்". பிறகு "அது, கதை, பாதை". கடைசியில் "தலை, நான், நேரம்". எண்களைச் சத்தமாகச் சொல்வது அருமையான பயிற்சி: ஐந்து, பத்து, இருபத்தைந்து, நாற்பத்தைந்து, தொண்ணூற்றைந்து. த, ந இரண்டும் நெருக்கமாக வருகின்றன, போனில் எண் சொல்லும்போது நிஜமாகவே தேவைப்படவும் செய்யும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் 'ச'வுக்கு முன்பே, சில நாட்களிலேயே சரியாகிவிடும்.

எச்சிலும் வறட்சியும்

பேசத் தொடங்குமுன் ஒருமுறை விழுங்குங்கள். அலைனருக்குள் தேங்கிய எச்சிலை உறிஞ்சி இழுக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. அந்த 'ஸ்ஸ்' சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கும், அலைனரையும் இடம் விட்டு அசைக்கும். சில நாட்களில் சுரப்பு குறைந்தபின் இதற்கு நேர்மாறாக வாய் வறளும். நீண்ட நேரம் பேசினால் உதட்டின் உட்பக்கம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சாதாரணத் தண்ணீர், வாய்வாயாக. சூடான பானம் அலைனரின் வடிவத்தைக் கெடுக்கும். இனிப்புப் பானம் உள்ளே தங்கிப் பல்லை அரிக்கும்.

பேசுவதற்காகக் கழற்றலாமா?

ஒரு நாளுக்கு 1440 நிமிடம். மருத்துவர் 22 மணி நேரம் போடச் சொல்லியிருந்தால் மீதி 120 நிமிடம்தான். மூன்று வேளை சாப்பாட்டுக்குத் தலா 30, துலக்கத் தலா 5 என்று வைத்தால் 105 போயிற்று. கையில் 15 நிமிடம். ஒரு மணி நேரக் கூட்டத்துக்குக் கழற்றினால் அன்றைய கணக்கு உடைகிறது. அடிக்கடி இப்படிச் செய்தால் பல் பழைய இடத்துக்கே நகரும், அடுத்த அலைனர் உட்காராது, உட்காராத அலைனரில் பேச்சு இன்னும் குழையும். போதாக்குறைக்கு, தேவைப்படும்போதெல்லாம் கழற்றிப் பேசுகிறவருக்கு நாக்கு பழகவே பழகாது.

வாழ்க்கையில் ஒரு தடவை வரும் மேடைக்கோ நேர்காணலுக்கோ கழற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றுங்கள், ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தைச் சுருக்குங்கள். விரல் நுனியால் கடைவாயின் உட்பக்கத்திலிருந்து இரண்டு புறமும் தளர்த்திவிட்டு எடுங்கள். முன்பல் பக்கம் பிடித்து இழுத்தால் விரிசல் விடும். எடுத்ததைப் பெட்டியில் வையுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்த அலைனர் குப்பைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

கூட்டம், போன், மைக்

முக்கியமான பேச்சுக்கு முன் 5 நிமிடம் சத்தமாகப் படித்து நாக்கைச் சூடேற்றுங்கள். நீங்கள் சொல்லப்போகும் பெயர்களில், முதல் வாக்கியத்தில் 'ச' எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் 10 தடவை சொல்லிவிடுங்கள். தொடக்கம் சுத்தமாக வந்தால் மீதியைக் கேட்கிறவர் காது தானே சரிசெய்துகொள்ளும்.

சீறல் ஒலியின் பலம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய முறைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆகவே அப்படிப்பட்ட அழைப்பில் உங்கள் குழைவு எதிரே இருப்பவருக்கு அவ்வளவாகப் போய்ச் சேராது. நல்ல மைக்கோ வீடியோ அழைப்போ அப்படி இல்லை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் தாடைக்குக் கீழே அல்லது பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்று நேராக மோதாது.

பயிற்சியால் தீராதவை

பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பேச்சு பழைய நிலைக்கு வந்துவிடும். வராமல் நின்றால் நாக்கைக் குறை சொல்வதற்கு முன் அலைனரைச் சோதியுங்கள்.

விளிம்பில் கூர்மையான ஒரு புள்ளி நாக்கைக் கிழித்தால் நாக்கு அந்த இடத்தைத் தவிர்த்தே பேசும். சுத்தமான நகம் தேய்க்கும் அட்டையால் அந்தப் புள்ளியை மட்டும் இரண்டு மூன்று தடவை தேய்த்து, கழுவி மாட்டுங்கள். கத்தரிக்கோல் கூடாது. உட்பக்க விளிம்பு முழுதுமே நீளமாக ஈறின்மேல் ஏறியிருந்தால் மருத்துவர் சீவித் தருவார், நீங்கள் தொட வேண்டாம்.

ஆழமாகக் கவ்வும் பற்களுக்கு, மேல் அலைனரின் முன்பல் பின்புறத்தில் சிறு படிபோன்ற மேடுகள் வைத்திருப்பார்கள். ச, த, ந, ல எல்லாம் பிறக்கிற இடத்திலேயே அவை நிற்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் நாட்கள் பிடிப்பது இயல்பு, பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாளில் பழகினார் என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. பல் எடுத்த இடத்தில் வெற்றிடம் இருந்தாலும் காற்று அங்கே ஒழுகும். அந்த இடத்தை அலைனருக்குள் பல் நிறப் பொருளால் நிரப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். மேல், கீழ் வரிசைகளை இணைக்கும் ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தால் தாடை திறப்பது குறையும், அதனால் பேச்சு முணுமுணுப்பாகும். அப்போது வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு சிகிச்சையின் நடுவில் திடீரென்று கெட்டால், அலைனரில் விரிசலோ, கழன்று விழுந்த அட்டாச்மென்ட்டோ, முழுதாக உட்காராத மூலையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கிலோ கன்னத்திலோ வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும், 3, 4 வாரம் கழிந்தும் 'ச' திரும்பாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அலைனரில் கோளாறு இல்லை என்று அவர் பார்த்துச் சொன்னால் அடுத்துப் பார்க்க வேண்டியவர் பேச்சுப் பயிற்சியாளர். முன்பே இருந்த லேசான நாக்குத் தள்ளல், அதாவது நாக்கு பற்களை முன்னே தள்ளும் பழக்கம், இப்போது வெளிப்பட்டிருக்கலாம், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

அடுத்த அலைனர்களும் ரிட்டெய்னரும்

ஒவ்வொரு புது அலைனரிலும் முதல் நாள் 'ச' மறுபடி லேசாகத் தடுமாறும். முதல் தடவைபோல இருக்காது, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். 'ன் – ஸ்' பத்து தடவை, 'காசு – காது' பத்து தடவை, ஒரு பத்தி சத்தமாக. இதற்கு 5 நிமிடம் போதும்.

சிகிச்சை முடிந்தபின், பல் மறுபடி நகராமல் இருக்கத் தரும் ரிட்டெய்னர் இதேபோல மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை. மேலண்ணத்தை மூடும் தகடும் கம்பியும் உள்ள வகை என்றால் கணக்கு வேறு. அது ட, ண, ள, ழ பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. அதுவரை தப்பித்திருந்த எழுத்துகளுக்கு அப்போது "வழி, வளி, வலி", "தழை, தளை, தலை" என்று படிக்க வேண்டியிருக்கும். எந்த வகை தரப்போகிறார்கள் என்பதைச் சிகிச்சை முடியும் முன்பே கேட்டுவையுங்கள். வேலையே பேச்சாக உள்ளவர்கள், மெல்லிய வகை தங்களுக்குப் பொருந்துமா என்று அப்போதே பேசிக்கொள்ளலாம்.